காலி வரிசைகள்

போர்ட் பிளேயரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர் எப்போது வரும் என்றுதான். வெளிச்சம், காற்று, பக்கத்தில் கடை, அதெல்லாம் பிறகு. லம்பா லைன் பக்கம் நான் இருக்கும் குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். கோடையில் அதுவும் தள்ளிப்போகும். எத்தனை மணிக்கு வரும் என்று அந்த வருண பகவானுக்கே தெரியாது. வந்ததும் யாராவது ஒருவர் "பானீ ஆ கயா!" என்று கத்துவார். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் என்று எந்த வீடானாலும் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு பின்பக்கம் ஓடுவார்கள்.

நான் ஓடுவதில்லை. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன், தனியாக இருக்கிறேன், பகலில் வீட்டில் ஆள் கிடையாது. அதனால் காலையில் கிளம்பும்போதே பின்பக்கத்து நீல டிரம்முக்குள் ஹோஸை விட்டு, குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் டிரம் ததும்ப நிறைந்திருக்கும். மற்றவர்கள் தண்ணீருக்காக அல்லாடுவதைப் பார்க்கும்போது, நாம் மட்டும் என்ன கெட்டிக்காரி என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை அம்மா. இங்கிருந்து தெற்கே, கப்பலில் போக வேண்டிய கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில்தான் நான் வளர்ந்தேன். அம்மாவும் அப்பாவும் இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, சின்ன வயதில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கடைசியில் அங்கே ரப்பர் பால் எடுக்க வந்து சேர்ந்தவர்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, நடைதான் பழையபடி வரவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நகர்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கச்சாலுக்கு எவ்வளவு தூரம் என்று மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். கப்பல் கிடைத்தால் பக்கம், கிடைக்காவிட்டால் தூரம் என்பேன். அம்மா விழுந்த அன்று கப்பல் இல்லை.

இங்கே வந்துவிடு என்று நான் ஒவ்வொரு தடவை போனில் கூப்பிடும்போதும் கெஞ்சுவேன்.

"என்னால ஏலாது புள்ள," என்பாள். "நீ வேலைக்குப் போயிருவ. நா விழுந்து கெடந்தா யாரு வந்து பாப்பா? இங்கன்னா கூப்புட்டா லயமே ஓடியாரும்."

லயம் என்று அவள் சொல்வது தோட்டத்தின் வரிசை வீடுகளை. அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். போனை வைத்த பிறகு பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பழைய தகரக்கூரை வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாக முடிவாயிற்று. ஒரு மாடிக்கு நான்கு வீடு. அந்த நான்கு வீட்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே மோட்டார். இந்த ஊரில் தண்ணீரைப் பங்குபோட்டுக்கொள்வது சம்பந்தி ஆவதைவிடப் பெரிய விஷயம். சீட்டுக் குலுக்கிப் போட்டால் வெட்டுக்குத்து ஆகிவிடும் என்று குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பயந்தார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் வங்காளி அவர். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் தாதா என்று கூப்பிடுவோம். ஒத்துப்போகிறவர்களை ஒரே மாடியில் போடக் கணக்கில் ஏதாவது வழி இருக்கிறதா என்று என்னிடம் வந்து கேட்டார்.

இருக்கிறது, ஒத்தவர்களைக் கொத்துக் கொத்தாகப் பிரிப்பது, கிளஸ்டர் என்று பெயர் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"தோ ஆப் ஹீ கரோ மேடம்," என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு, என் வீட்டு டீயையும் குடித்துவிட்டுப் போனார்.

வீடு வீடாகப் போய்ச் சில கேள்விகள் கேட்பது என்று ஏற்பாடு. மெயின்லேண்ட் போகும்போது சாவியை யாரிடம் கொடுப்பீர்கள், நீங்கள் இல்லாத நாளில் உங்களுக்குத் தண்ணீர் பிடிப்பது யார், நல்லதாக எதையாவது சமைத்தால் ஒரு கிண்ணம் யார் வீட்டுக்குப் போகும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது யார், இதையெல்லாம் நீங்கள் யாருக்குச் செய்கிறீர்கள், இந்த மாதிரி. பாதி வீடுகளுக்கு நான், மீதி வீடுகளுக்குத் தாதா. ஓரவஞ்சனை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, வீட்டு எண்களை மறைத்து வேறு எண் கொடுங்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எந்த எண் எந்த வீடு என்பது தாதாவுக்கு மட்டுமே தெரியும். என் வீட்டின் எண் மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் என் பதில்களை நானே போட்டுக்கொண்டேன். சாவி யாரிடம்? யாரிடமும் இல்லை. தண்ணீர்? நானே. கூட வருவது? யாருமில்லை. வருத்தப்பட்டு எழுதவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனுஷி என்ற பெருமையோடுதான் எழுதினேன்.

கணக்கு சுலபம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை. அந்த வீட்டார் யார் யார் பெயரைச் சொன்னார்களோ அங்கே ஒன்று, சொல்லாத இடத்தில் பூஜ்யம். இரண்டு வீட்டு வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை இடத்தில் மாறுபடுகின்றன என்று எண்ணினால் அதுதான் அவர்களுக்கு நடுவே உள்ள தூரம். தூரம் குறைந்தவர்களைக் கணினி முதலில் சேர்க்கும், பிறகு அடுத்த நெருக்கம், அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியோடு உட்கார்ந்து ஓட்டினேன். கணினி முதன்முதலில் நான்கு வீடுகளை ஒன்றாகச் சேர்த்தது. நான்கும் ஒருவர் பெயரையும் சொல்லாதவர்கள். நான்கு வரிசையிலும் முழுக்கப் பூஜ்யம். பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் எங்கே மாறுபாடு வரப்போகிறது? எங்களுக்கு நடுவே தூரமே இல்லை என்றது கணினி. எங்களுக்கு என்றுதான் சொல்ல வேண்டும், அதில் ஒரு வரிசை என்னுடையது.

மற்ற மூன்று யாராக இருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. கப்பலில் எஞ்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மலையாளிப் பெரியவர் ஒருவர், கண் பார்வை மங்கியவர், யாரோடும் பேசமாட்டார். ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் வேலை பார்க்கும் கணவனும் மனைவியும், வீடு எப்போதும் பூட்டியே கிடக்கும். கடைசி வீட்டில் எப்போதும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணி. அவர்களில் ஒருவரோடும் நான் நாலு வார்த்தை பேசியதில்லை. அவர்களும் ஒருவரோடொருவர் பேசியதில்லை. எங்களைத் தூக்கி ஒரே மாடியில் போட்டுவிட்டது கணக்கு.

அந்த மாடியை நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் வருகிறது. மோட்டார் போட ஆளில்லை. பெரியவருக்குச் சுவிட்ச் தெரியாது, ஒரு வீடு பூட்டியிருக்கிறது, ஒரு வீடு திறக்காது, நான் கல்லூரியில். உள்ளே அம்மா வாக்கரோடு. அம்மா விழுந்தால் அந்த மாடியில் கேட்பதற்கு ஒரு காதும் கிடையாது. புது வீடு வந்ததும் எப்படியாவது அவளைக் கூட்டிவந்துவிடலாம் என்று நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்த திட்டம் அந்தத் திரையிலேயே முடிந்துபோயிற்று. காப்பியைக் குடிக்கவும் இல்லை. மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

துவைக்கும்போது கோபம் கணினிமேல்தான் இருந்தது. அலசும்போது அது மெல்ல என்மேல் திரும்பியது. வருஷா வருஷம் வகுப்பில் நான் சொல்லும் பாடம்தானே இது. இரண்டு காடுகளை ஒப்பிடும்போது, இதிலும் தேக்கு இல்லை, அதிலும் தேக்கு இல்லை, ஆகவே இரண்டும் ஒன்று என்று சொல்லாதீர்கள் என்பேன். இருப்பதை எண்ணுங்கள், இரண்டிலும் இல்லாததை விட்டுவிடுங்கள் என்பேன். அங்கேதான் தூரத்தை விட்டு ஒற்றுமை அளவுக்கு வர வேண்டும் என்பேன். ஜாதகத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள்கூட, பையனுக்கும் இல்லை பெண்ணுக்கும் இல்லை, அடடா என்ன பொருத்தம் என்று சொல்வதில்லை. நான்கு பேருக்கு யாருமில்லை என்பது அந்த நான்கு பேரையும் சொந்தமாக்கிவிடுமா? ஈரக்கையோடு வந்து மறுபடி கணினியைத் திறந்தேன்.

இந்தத் தடவை தூரத்தைத் தொடவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே என்னென்ன போய்வருகிறது என்பதை மட்டும் எண்ணி, கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்து, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே வைத்தேன். இருவருக்கும் இல்லாதது கணக்கிலேயே வராது. இன்னொன்றும் சேர்த்தேன். இரண்டு வீட்டில் ஒருவர் ஆமாம் என்று சொன்னாலும் ஆமாம்தான். கொடுத்தவர் மறந்திருக்கலாம், வாங்கியவர் மறந்திருக்கலாம், இருவரும் ஒன்றாக ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. என் வசதிக்காகக் கணக்கை வளைக்கிறேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றாமல் இல்லை. என் வரிசைதான் காலியாயிற்றே, எந்தக் கணக்கிலும் எனக்கு லாபம் இல்லை என்று சமாதானம் ஆகிவிட்டது. ஒரே உட்காரலில் முடித்து, வந்த கொத்துகளை அப்படியே தாதாவுக்கு அனுப்பினேன்.

அன்று மாலை துர்கா பூஜைக் கொட்டகையில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சமோசா, எல்லாம் பிரமாதம். தாதா எண்களை வீடுகளாக மாற்றி, தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கொத்தைப் படித்தார்.

எங்கள் குடியிருப்பில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஜென்ம விரோதிகள். ஒருவர் ராமநாதபுரத்துக்காரர், கான்ட்ராக்ட் எடுப்பவர். மற்றவர் ராஞ்சிக்காரர், வனத்துறையில் வேலை. முன்னவர் கூரையின் மழைத்தண்ணீர் பின்னவர் வாசலில் விழுகிறது என்பதில் ஆரம்பித்த சண்டை. வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை கிடையாது. தாதா படித்த முதல் ஜோடி அவர்கள்தான். ஒரே மாடி, ஒரே தொட்டி, ஒரே மோட்டார்.

கான்ட்ராக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மேடம், இந்த ஆளோட ஒரே படியில ஏறி எறங்குறதுக்கு நான் கப்பல் ஜெட்டியில போயி படுத்துக்குறேன்!"

அந்தப் பக்கத்திலிருந்து வனத்துறைக்காரரும் எழுந்து, தானும் ஜெட்டிக்கே போவதாகக் கத்தினார். "மை பீ ஜெட்டி ஜாயேகா!"

அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். கொட்டகையே சிரித்தது. "யே க்யா மஜாக் ஹை மேடம்?" என்று, என்ன கேலிக்கூத்து இது என்பதுபோலத் தாதா பாவமாக என்னைப் பார்த்தார். அவருக்கு வேர்த்திருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். நான் ஓட்டிய நிரல் தூரத்துக்காக எழுதப்பட்டது. சின்ன எண் என்றால் நெருக்கம் என்று எடுத்துக்கொள்ளும். ஒற்றுமை அளவில் எல்லாம் தலைகீழ், பெரிய எண்தான் நெருக்கம். நான் மாற்றிக் கொடுக்காமல் ஒற்றுமையை அப்படியே ஊட்டிவிட்டேன். கணினி சமர்த்தாக, ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றிருந்தவர்களைத் தேடிப் பிடித்து ஜோடி சேர்த்திருந்தது. எண்களை மறைத்து வைத்ததால் எனக்கும் கண்ணில் படவில்லை. முதல் வருட மாணவி செய்தால் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியிருப்பேன்.

"தஸ் மினிட்," என்று பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டு, சமோசாத் தட்டை நகர்த்தி அங்கேயே கணினியைத் திறந்தேன். ஒவ்வொரு எண்ணையும் ஒன்றிலிருந்து கழித்துப் போட்டேன். அவ்வளவுதான் வேலை. அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் பாதிக் குடியிருப்பு வந்து நின்றுவிட்டது. தாதா திரையைப் பார்த்தே எண்களை வீடுகளாக்கிப் படித்தார். எல்லாவற்றிலும் நெருக்கமான ஜோடி, கணினி முதன்முதலாகச் சேர்த்த ஜோடி, என் வீடும் எதிர்வீடும்.

"திரும்பவும் தப்பு," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "நான் யாரையும் சொல்லவே இல்லை. என் வரிசை முழுக்கப் பூஜ்யம். எனக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை."

எதிர்வீட்டில் இருப்பவள் தெலுங்குக்காரி, என்னைவிடக் கொஞ்சம் இளையவள். கணவன் துறைமுகத்தில் இழுவைப் படகில் இருக்கிறான். இவள் வீட்டிலேயே டிபன் செய்து ஆபீஸ்களுக்கு அனுப்புகிறாள். அவளிடம் கேள்வி கேட்கப் போனது தாதா. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒண்ணும் இல்லையா? அக்கா, உங்க பைப்பு யார் பந்த் பண்றது?"

"என் பைப்பா?" என்றேன்.

"டிரம்மு ரொம்பினா தண்ணி தானா நிக்குமா? பானீ வந்தா முதல்ல உங்க பின்னால ஓடறேன், அப்பறம்தான் என் வீடு. மீட்டர்காரன் வந்தா கேட்டை யார் திறக்கறது? நீங்க கச்சால் போனா வாசல் லைட்டு யார் போடறது? தாதா கேட்டாரு, எல்லாத்துக்கும் உங்க வீடுதான் சொன்னேன்."

கொட்டகை சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமாகக் குழாயைத் திறந்துவைத்துவிட்டுப் போகும் புள்ளியியல் பேராசிரியைக்கு மட்டும், நிரம்பிய பிறகு அது எப்படி மூடிக்கொள்கிறது என்ற கேள்வி ஒருநாளும் வந்ததில்லை.

"ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்றேன்.

"என்ன சொல்றது? உங்க கரிவேபாகு இல்லாம என் டிபன் போகாது. கேக்காம பறிச்சுக்கோன்னு நீங்க சொன்னீங்களா, இல்லையா?"

சொல்லியிருந்தேன். குடிவந்த புதிதில் போகிற போக்கில் சொன்னது. அதன் பிறகு அந்தக் கறிவேப்பிலை மரத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் அதற்குத் தினமும் வந்திருக்கிறாள், வந்தபோதெல்லாம் என் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

தாதா மேலே படித்தார். மலையாளிப் பெரியவர் ஒரு ராஞ்சிக் குடும்பத்தோடு சேர்ந்திருந்தார். அவர் யார் பெயரையும் சொல்லவில்லை, அந்த வீட்டு அம்மாதான் சொல்லியிருக்கிறாள், தினமும் அவருக்கு இன்சுலின் போடுவது தான் என்று. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சண்டைக்காரர்கள் இருவரும் குடியிருப்பின் இரண்டு கோடியில் விழுந்து, மிகுந்த திருப்தியோடு சமோசா எடுத்துக்கொண்டார்கள். முதல் கணக்கில் காலியாக இருந்த நான்கு வீடுகளும் நான்கு வெவ்வேறு மாடிக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒருவர் ஆமாம் என்று சொல்லியிருந்தார்.

கூட்டம் முடிந்து அவளும் நானும் சேர்ந்தே நடந்தோம். பக்கத்தில் நடப்பதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். இடுப்பு, வாக்கர், வரமாட்டேன் என்கிற பிடிவாதம், எல்லாம். "பில்டிங் வந்ததும் நீ பக்கத்து வீடு ஆயிடுவே. அப்போ கூட்டிட்டு வரலாம்னு பார்க்கறேன்," என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "பில்டிங் எதுக்கு அக்கா? இப்ப நான் எங்க இருக்கேன், மெயின்லேண்ட்லயா? எதிர்லதானே இருக்கேன். நம்பர் போடுங்க."

போட்டேன். என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். கச்சாலில் இருக்கும் அம்மாவுக்கும் அவளுக்கும் நடந்த பேச்சில் பாதி தெலுங்கு, கால்வாசி ஹிந்தி, மீதிதான் தமிழ். "அம்மா, நீங்க வரலைன்னா நான் கப்பல் ஏறி வந்து தூக்கிட்டு வருவேன், ஆமா," என்று முடித்தாள். அம்மா என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. இவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் அம்மாவே கூப்பிட்டாள். "அந்தப் புள்ள நெசமாவே கப்பலேறி வந்துரும் போல இருக்கு. அவளுக்கு எதுக்குச் செலவு? நீயே வந்து கூட்டிக்கிட்டுப் போ."

அடுக்குமாடி இன்னும் வரவில்லை. கோப்பு எங்கோ மெயின்லேண்டில் இருக்கிறது என்கிறார்கள். அளந்து நட்ட கற்களைச் சுற்றிப் புல் வளர்ந்து ஆடு மேய்கிறது. நான் போட்ட கொத்துகளை யாரும் சீண்டவில்லை. வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது இப்போதும் காட்டையும் தேக்கையும்தான் சொல்கிறேன். சொந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் பாடம் நின்றுவிடும், பிள்ளைகள் அதற்கென்றே காத்திருப்பார்கள்.

அம்மா வந்துவிட்டாள். கப்பலிலிருந்து இறக்க அந்தத் தெலுங்குக்காரியின் கணவன்தான் நாற்காலியோடு நின்றான். மூன்று நாள் லீவு போட்டுக் கூடவே இருந்துவிட்டு, நாலாம் நாள் கல்லூரிக்குப் போனேன். முதல் வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டேன். அம்மா சாப்பிட்டாயிற்று என்றாள் எதிர்வீட்டுக்காரி. அடுத்த வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டேன். வாசலில் உட்கார்ந்து அம்மா கறிவேப்பிலை உருவிக்கொடுக்கிறாள் என்றாள். மதியம் மறுபடி கூப்பிட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள், அதுவும் ரகசியக் குரலில்.

"அக்கா, அம்மா இப்பதான் தூங்கறாங்க. நீங்க கூப்பிட்டு கூப்பிட்டு எழுப்பறீங்க. நான் இருக்கேன்ல? போனை வைங்க."

வைத்துவிட்டேன். ஆசிரியர் அறையில் அப்போது யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நன்றாக அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.